பாலைவனத்தில் தண்ணீர்க் கணக்கு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஐந்து அப்பம், இரண்டு மீன் பற்றிய நற்செய்திப் பகுதியை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் நம் காதில் அதிகம் நிற்காத ஒரு சிறிய இடம் உண்டு. பொழுது சாய்ந்துவிட்டது. இடமோ ஆள் நடமாட்டம் இல்லாத இடம். கூட்டத்தை அனுப்பிவிடலாம் என்கிறார்கள் சீடர்கள். ஆண்டவர் உடனே அப்பத்தைக் கையில் எடுக்கவில்லை. முதலில் கையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவரச் சொல்கிறார். சீடர்கள் போய் எண்ணி, வந்து சொல்கிறார்கள். அதற்குப் பிறகுதான் புதுமை நடக்கிறது. மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் இதை நீங்கள் காணலாம்.

கணக்குப் பார்ப்பதும் பகிர்ந்து கொடுப்பதும் எதிரெதிரானவை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். "கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்" என்றால் அது புகழ்ச்சி. "எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்ப்பவர்" என்றால் அது பழி. ஆனால் எண்ணிப் பார்ப்பதும் அன்பின் வேலைதான். சில நேரங்களில் அன்பு தொடங்குவதே அங்கேதான். இதை நாங்கள் நண்பர்களாகப் போன ஒரு பாலைவனப் பயணத்தை வைத்து இன்று சிந்திப்போம்.

வட அமெரிக்காவில் பங்குப்பணி செய்த ஆண்டுகளில், ஓர் அக்டோபர் மாதம், ஆறு பேராகச் சேர்ந்து யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில் நான்கு நாள் மலைச் சைக்கிள் பயணம் போனோம். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒருவர் மருத்துவமனைச் செவிலியர். ஒருவர் மெக்சிகோவில் பிறந்த பிளம்பர். இன்னும் இருவர் நம் தென்மாவட்டத்திலிருந்து அங்கே போய்க் குடியேறிய கணவன் மனைவி. ஆறாவது ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படிப்பட்ட பயணங்களை நடத்தித் தருவதற்கென்றே அங்கே நிறுவனங்கள் உண்டு. சைக்கிள், வண்டி, வழிகாட்டி, சமையல் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதற்குக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. பிளம்பர் நண்பரிடம் நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் வண்டி இருந்தது. கூடாரங்களைப் பங்கு இளைஞர் குழுவிடம் இரவல் வாங்கினோம். ஒருவர் மாற்றி ஒருவர் வண்டி ஓட்டியாக வேண்டும் என்பதால் ஆறு பேருக்கு ஐந்து சைக்கிளே போதும் என்று கண்டுபிடித்தோம். அவற்றில் இரண்டு, பழைய சாமான் விற்கும் கடையில் வாங்கி நாங்களே பிரேக் மாற்றிப் பூட்டியவை. அவல், ரொட்டி, வேர்க்கடலை, பருப்புப்பொடி, இரண்டு நாள் தாங்கும் புளிச்சோறு என்று சாப்பாடு வீட்டிலிருந்தே வந்தது. எரிவாயு அடுப்பு ஒன்று, பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, மாற்று டியூப்கள். இவ்வளவுதான் எங்கள் சொத்து.

போன இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விவிலியத்தில் ரூத்தின் நாடாக நாம் அறிந்திருக்கும் மோவாபின் பெயரைத் தாங்கிய ஒரு சிற்றூர் அங்கே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில்தான் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா. 1964-இல் அமைக்கப்பட்டது. கொலராடோ ஆறும் கிரீன் ஆறும் பல இலட்சம் ஆண்டுகளாகப் பாறையை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகளின் நாடு அது. மேலே மேசைபோலத் தட்டையான பீடபூமி. அதற்கு ஆயிரம் அடிக்குக் கீழே அகன்ற ஒரு பாறைத் திண்ணை. திண்ணையின் விளிம்பு முழுவதும் வெள்ளை மணற்கல். அதனால் அதற்கு 'ஒயிட் ரிம்', வெண்மையான விளிம்பு என்று பெயர். திண்ணைக்கும் கீழே, கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத ஆழத்தில், ஆறுகள் ஓடுகின்றன.

அந்தத் திண்ணை மீது பீடபூமியைச் சுற்றி 160 கிலோமீட்டருக்கு ஒரு மண்பாதை போகிறது. 1950-களில் அமெரிக்க அணுசக்தி ஆணையம் யுரேனியம் தேடுவதற்காகப் போட்ட பாதை. தேடியது அதிகம் கிடைக்கவில்லை. பாதை மட்டும் மிஞ்சியது. இன்று சைக்கிளில் போகிறவர்கள் அதைச் சுற்றிவர மூன்று நான்கு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், ஒதுக்கிய இடத்தில்தான் கூடாரம் அடிக்க வேண்டும், விறகு கொளுத்தக் கூடாது, கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பவை அங்கே விதிகள்.

பாதையை விட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது என்பதும் விதி. அதற்குக் காரணம் உண்டு. அந்த மண்ணின் மேல் கருமையாக, கரடுமுரடாக ஒரு பொருக்கு படிந்திருக்கும். பார்த்தால் உலர்ந்த அழுக்கு போலத் தோன்றும். உண்மையில் அது உயிருள்ளது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து மணல் துகள்களைப் பிணைத்து, காற்றில் பறக்காமல் காத்து, பெய்கிற சொற்ப மழையைப் பிடித்துவைக்கின்றன. ஒரு சைக்கிள் சக்கரம் அதன் மேல் ஏறினால் போதும், பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரிலும் கை வைக்கக் கூடாது என்கிறார்கள். வறண்ட குழியில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்த முட்டைகளிலிருந்து சின்னஞ்சிறு இறால் போன்ற உயிர்கள் அந்த நீரில்தான் பிறக்கின்றன. நம் கையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கே அவற்றுக்கு நஞ்சாகிவிடும்.

அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை பத்து அங்குலத்துக்கும் குறைவு. 160 கிலோமீட்டரிலும் குடிநீர்க் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. கைபேசியும் பெரும்பாலான இடங்களில் பேசாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீராவது சுமந்து போகச் சொல்கிறார்கள். நாங்கள் 19 லிட்டர் கேன் ஆறு ஏற்றினோம். மொத்தம் 114 லிட்டர். குடிக்க, சமைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு நாலரை லிட்டர் என்று வைத்தால் நான்கு நாளைக்கு 108. ஆறு லிட்டர் உபரி.

தண்ணீர்ப் பொறுப்பை அந்த நம்மூர்ச் சகோதரி ஏற்றுக்கொண்டார். அவர் வாரத்தில் இரண்டு நாள் லாரி வந்தால்தான் தண்ணீர் என்ற தெருவில் வளர்ந்தவர். குடத்தை வரிசையில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர். கேன்களின் மேல் கோடு போட்டு வைத்தார். அளந்துதான் ஊற்றுவார். முதல் நாள் எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பல் துலக்கக் கால் டம்ளர். தட்டுக் கழுவ ஒன்றும் இல்லை, ரொட்டித் துண்டால் துடைத்து அதையும் சாப்பிட்டுவிட வேண்டும்! "அம்மா, கொஞ்சம் தாராளமாக ஊற்றக் கூடாதா?" என்று கேட்டால், "தாராளம் நாலாம் நாள் சாமி" என்பார்.

இரண்டாம் நாள் பிற்பகல் நான்கு மணி இருக்கும். மர்ஃபி ஹாக்பேக் என்ற செங்குத்தான மேட்டுக்குக் கீழே வந்துகொண்டிருந்தோம். அதன் உச்சியில்தான் அன்றிரவு எங்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம். வழியில் ஒரு பாறை நிழலில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரின் சைக்கிள் டயர் பக்கவாட்டில் கிழிந்து கிடந்தது. ஒரே நாளில் முழுச் சுற்றையும் முடித்துவிடலாம் என்று விடியுமுன் கிளம்பியவர்கள். வண்டி துணைக்கு இல்லை. தண்ணீர் நண்பகலிலேயே தீர்ந்துவிட்டது. ஒருவருக்குப் பேச்சே சரியாக வரவில்லை. செவிலியர் சகோதரி அவரை வண்டி நிழலில் சாய்த்து, வாய் வாயாகத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தார்.

அந்த முதல் தண்ணீரைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. தாகத்தால் வாடுகிறவருக்கு வாய் நனைக்க யாரைக் கேட்க வேண்டும்? அதற்கு அடுத்துத்தான் கேள்வி வந்தது. முன்னே போனாலும் பின்னே போனாலும் வெளியே செல்ல நீண்ட தூரம். பள்ளத்தின் ஓரமாகவே போகும் அந்தக் குறுகிய பாதையில் இருட்டில் வண்டி ஓட்ட முடியாது என்று பிளம்பர் நண்பர் திட்டமாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் இருவரும் எங்களோடுதான் இருந்தாக வேண்டும். ஆறு பேருக்கு அளந்த தண்ணீர், இனி எட்டுப் பேருக்கு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நல்ல மனிதர். ஆனால் எழுபதை நெருங்கிய வயது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர். அவருக்குப் பயம் வந்ததில் வியப்பில்லை. அவர் பத்துக் கன்னியர் உவமையையே நினைவுபடுத்தினார். விவேகமுள்ள ஐவரும் எண்ணெயைக் கொடுக்கவில்லையே, கொடுத்திருந்தால் எல்லா விளக்கும் அணைந்திருக்குமே என்றார். பிளம்பர் நண்பர் அதற்கு நேர் எதிர். கேட்பதைக் கொடுப்போம், நாளைக்குக் கடவுள் இருக்கிறார் என்றார். இருவருடைய குரலும் உயர்ந்தது. பாறையடியில் உட்கார்ந்திருந்த அந்த இளைஞர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தங்களைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அப்போது நம்மூர்ச் சகோதரி மெல்லச் சொன்னார்: "சாமி, முதல்ல கேனை எண்ணுவோம். அப்புறம் பேசுவோம்."

எண்ணினோம். 69 லிட்டர் இருந்தது. அன்று மாலைக்கும் இரவுக்கும் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் எட்டுப் பேருக்கு 12. மிச்சம் 57. அதை எட்டுப் பேருக்கு இரண்டு நாளைக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஆளுக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர். நாலரை இருந்த இடத்தில் மூன்றரை. ஒரு லிட்டர் குறைவு. சோறு வடிப்பதை விட்டுவிட்டு அவல் நனைத்தால் அதில் பாதி மிச்சம். விடியுமுன் கிளம்பி, உச்சி வெயிலில் நிழலில் கிடந்தால் மீதிப் பாதியும் தாங்கும். அக்டோபர் மாதம் என்பதால் வெயிலும் கொல்லும் வெயில் அல்ல. ஆசிரியரின் பங்கில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்று செவிலியர் சொன்னார். எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

சகோதரர்களே, சகோதரிகளே, அந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததைக் கவனியுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை. ஆனால் ஆசிரியரின் பயம் அடங்கியது. ஏனென்றால் பயத்துக்கு எண் தெரியாது. எண்ணாதவரைக்கும் எல்லாமே போதாது என்றுதான் அது சொல்லும். பிளம்பர் நண்பரின் தாராளத்துக்கும் ஓர் உருவம் கிடைத்தது. கேட்பதையெல்லாம் கொடுப்போம் என்பது நல்ல மனது. ஆனால் அன்றைக்கே கொடுத்துத் தீர்த்திருந்தால், நான்காம் நாள் மேட்டில் எட்டுப் பேரும் தவித்திருப்போம். அந்த இளைஞர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு மாலை நேரத்து இரக்கம் மட்டும் அல்ல. வெளியே போய்ச் சேரும்வரை நீடிக்கும் இரக்கம். அப்படிப்பட்ட இரக்கத்துக்குக் கணக்கு வேண்டும்.

பத்துக் கன்னியர் உவமைக்கும் அன்றிரவே பதில் பேசினோம். அந்த எண்ணெய், மணமகனைச் சந்திக்க ஒவ்வொருவரும் தாமே செய்துகொள்ள வேண்டிய ஆயத்தம். ஒருவருடைய செபத்தை, மனமாற்றத்தை இன்னொருவர் இரவலாகக் கொடுக்க முடியாது. தண்ணீர் அப்படி அல்ல. தண்ணீரை ஊற்றலாம். அதே மத்தேயு நற்செய்தியின் அதே இருபத்தைந்தாம் அதிகாரத்தில், சில வரிகள் தள்ளி, தாகமாய் இருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தீர்களா என்றுதானே அரசர் விசாரிக்கிறார்!

மூன்றாம் நாள் கடினமாகத்தான் இருந்தது. உதடு வெடித்தது. பேச்சு குறைந்தது. வேகமாக மிதிப்பவர் அதிகம் குடிப்பார் என்பதால் எல்லாரும் ஆசிரியரின் வேகத்துக்கே சைக்கிளை மிதித்தோம். மேடு வந்தால் இறங்கித் தள்ளினோம். எங்களிடமிருந்த மாற்று டயரைப் பூட்டிக்கொண்டு ஓர் இளைஞர் எங்களோடு ஓட்டிவந்தார். மற்றவர் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். அன்றிரவு கிரீன் ஆற்றின் பக்கத்தில் கூடாரம். ஆறு பக்கத்தில் இருந்தும் அது கலங்கிய சேற்று நீர். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வதற்கு உதவியது. எட்டுப் பேரும் அவலைக் கையிலேயே வாங்கிச் சாப்பிட்டோம். நான்காம் நாள் பிற்பகல் கடைசி மேட்டை வளைந்து வளைந்து ஏறி வெளியே வந்தபோது, ஆறாவது கேனில் கால் பங்கு தண்ணீர் இருந்தது. நம்மூர்ச் சகோதரி அதை எட்டு டம்ளரிலும் விளிம்புவரை ஊற்றினார். "இது தாராளம்" என்றார்.

இது புதுமை என்று நாம் சொல்லவில்லை. கணக்கு சரியாக வந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கைப் போட வைத்தது எது என்று கேட்டால், அது அன்புதான்.

இதே பாலைவன நாட்டில் நமக்கு முன்னே சென்ற இரண்டு குருக்களையும் இங்கே நினைக்கலாம். பிரான்சிஸ்கு சபையைச் சேர்ந்த தொமிங்கெஸ், எஸ்கலாந்தே என்ற இருவர். சாந்தா ஃபே நகரிலிருந்து கலிபோர்னியாவில் உள்ள மான்டெரேக்கு வழி கண்டுபிடிக்க 1776 ஜூலை 29 அன்று ஒரு சிறு குழுவோடு புறப்பட்டார்கள். அக்டோபரில் பனி கொட்டியது. உணவு குறைந்துகொண்டே வந்தது. மேலே போவோம் என்றனர் உடன் வந்தவர்களில் சிலர். திரும்புவோம் என்றனர் குருக்கள். செபித்துச் சீட்டுப் போட்டார்கள். திரும்புவது என்று விழுந்தது. வழியில் தங்கள் குதிரைகளையே உணவாக்கும் நிலை வந்தது. கொலராடோ ஆற்றுக்கு இறங்க, விலங்குகள் கால் வைப்பதற்காகப் பாறையில் படி வெட்டி, நவம்பர் 7 அன்று ஆற்றைக் கடந்தார்கள். 1777 ஜனவரி 2 அன்று சாந்தா ஃபே வந்து சேர்ந்தார்கள். தேடிப் போன ஊரை அவர்கள் பார்க்கவே இல்லை. ஆனால் அவர்களின் நாட்குறிப்பும் வரைபடமும் பின்னால் வந்தவர்களுக்கு வழிகாட்டின. இருப்பதை எண்ணிப் பார்த்துத் திரும்பி வருவதும் விசுவாசமே. 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லி உடன் வந்தவர்களின் உயிரைப் பணயம் வைப்பது விசுவாசம் அல்ல.

பாலைவனத்தில் கடவுள் தம் மக்களை வளர்த்த விதமும் இதுதான். விடுதலைப் பயண நூல் பதினாறாம் அதிகாரத்தில் மன்னா அளவோடு வருகிறது. தலைக்கு ஓர் ஓமர். அதிகம் சேர்த்தவருக்கு மிஞ்சவும் இல்லை, குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவும் இல்லை. பயந்துபோய்ப் பதுக்கி வைத்ததில் புழு வைத்தது. எகிப்தில் பிறருடைய செங்கல் கணக்குக்கு அடிமையாக இருந்தவர்களுக்கு, பாலைவனத்தில் கடவுள் புதிய கணக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். எனக்கு எவ்வளவு என்று தொடங்காமல், நாம் எத்தனை பேர் என்று தொடங்குகிற கணக்கு அது.

இந்தக் கணக்கு நமக்கும் புதிதல்ல. நம் வீடுகளில் தாய்மார்கள் உலைக்கு அரிசி அளக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். பிடியரிசி என்று அதைக் கோவிலுக்கும் ஏழைகளுக்கும் கொண்டுவருவார்கள். அளக்காமல் போடுகிறவர்களுக்கு அந்தப் பிடி தெரியாது. அளந்து போட்டவர்களுக்குத்தான் தெரியும், இந்த ஒரு பிடி குறைந்தால் வீட்டில் யாரும் பட்டினி இல்லை என்று. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ நல்ல காரியங்கள் இந்த ஒரு பிடியிலிருந்து எழும்பியவை.

இன்று நம் நிலை என்ன? ஒரு பக்கம், எண்ணாமல் செலவு செய்கிறோம். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் ஊர் மெச்ச வேண்டும் என்று வட்டிக்கு வாங்குகிறோம். அந்த வட்டியைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறோம். மறுபக்கம், எண்ணிப் பார்க்காமலே 'நமக்கே இல்லை' என்று கையை மூடிக்கொள்கிறோம். அண்டை வீட்டுப் பையனின் கல்லூரிக் கட்டணம், தனியாக இருக்கும் முதியவரின் மருந்துச் செலவு இவையெல்லாம் நம் அன்பியக் கூட்டத்தில் பேச்சுக்கு வரும்போது, முதலில் எழுவது பெருமூச்சு. யாரும் காகிதமும் பேனாவும் எடுப்பதில்லை. எடுத்திருந்தால், பதினைந்து வீடு சேர்ந்தால் வீட்டுக்கு இவ்வளவுதான் என்று தெரிந்திருக்கும்.

ஆகவே இந்த வாரம் ஒரு மாலை, குடும்ப செபம் முடிந்ததும் பாயை மடிக்க அவசரப்பட வேண்டாம். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, எவ்வளவு கடன், ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை மணி நேரம் நம் கையில் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் அது தெரியட்டும். எண்ணி முடித்ததும் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: நம் வழியில் நிழலில் உட்கார்ந்திருப்பவர் யார்? அவரையும் சேர்த்தால் நம் பங்கில் எவ்வளவு குறையும்? பெரும்பாலும் நாம் பயந்த அளவுக்குக் குறையாது.

மன்றாடுவோம். பாலைவனத்தில் உம் மக்களுக்கு அளவோடு உணவளித்த தந்தையே இறைவா, எங்களிடம் உள்ளதை உண்மையாய் எண்ணிப் பார்க்கும் தெளிவையும், எண்ணியதை அச்சமின்றிப் பகிரும் மனத்தையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.